சகலைக்கு ஒரு தோட்டா

பெண்டாட்டி பெருமையாகப் பார்க்கும் ஒரே ஒரு பார்வை...

என்ன விலை?

விலையே கிடையாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு வியாபாரம் தெரியாது. போன வருடமே விலை படிந்துவிட்டது.

தோளில் ஒரு தோட்டா!

வாங்கியவன் இளையவன். வயிறெரிந்தவன் மூத்தவன்.

இருவரும் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர்கள். ஒரே அறை. எதிரெதிர் மேஜை. இருவருக்கும் பொதுவாக ஒரு ஜீப். அது போதாதென்று இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவன் மூத்தவன், தங்கையைக் கட்டியவன் இளையவன் என்று டிபார்ட்மெண்டே பெயர் வைத்துவிட்டது. வயதில் இளையவன்தான் கொஞ்சம் பெரியவன் என்பதை மூத்தவன் வெளியே சொல்வதில்லை.

போன வருடம் ஓர் இருட்டு மாடிப்படியில் கடத்தல் கும்பலோடு இருவருக்கும் மோதல். குண்டுகள் பறந்தன. இளையவன் தோளைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். பதக்கம் கிடைத்தது. பேப்பரில் படம் வந்தது.

அதையெல்லாம்கூட மூத்தவன் ஜீரணித்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்த இளையவனைத் தங்கைக்காரி ஒரு பார்வை பார்த்தாளே... அதுதான் இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற அக்காக்காரி அந்தப் பார்வையைக் கவனித்தாள். பிறகு மெதுவாகத் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லாமல், கையில் பழப்பையோடு நின்றுகொண்டிருந்தான்.

அந்தப் பார்வைக்கும் ஒரு விலை உண்டு. அடிமாட்டு விலை!

அன்றிலிருந்து மூத்தவனுக்கு எல்லாவற்றிலும் இளையவன்தான் தெரிந்தான். மாமனார் துணிக்கடைக்காரர். கல்யாணத்தில் இருவருக்கும் ஒரே மாதிரி கைக்கடிகாரம் போட்டார். ஜோடியாக வாங்கினால் தள்ளுபடி. ஆனால் இளையவன் கடிகாரத்துக்குத் தேன் நிறத்தில் தோல் பட்டை. மூத்தவனுக்கு வெறும் இரும்புப் பட்டை. மணி பார்க்கிற ஒவ்வொரு முறையும் மூத்தவன் சகலையின் மணிக்கட்டைத்தான் பார்த்தான்.

ஜீப் கதை இன்னும் மோசம். நான் போடும் பெட்ரோலில் அவன் ஊர் சுற்றுவதா என்று இருவருக்கும் ஒரே நினைப்பு. ஆகவே ஓட்டுகிறவன் தான் போய்ச் சேருகிற அளவுக்கு மட்டும் ஊற்றுவான், இறங்குவான். அடுத்தவன் தலையெழுத்து அடுத்தவனுக்கு! அவசரத்துக்கு ஜீப்பின் பின்பக்கம் ஆளுக்கொரு கேன் உண்டு. இரண்டிலும் சங்கிலி, பூட்டு. சாவி அவரவர் இடுப்பில். பெட்ரோல் முள் எப்போதோ பாதியில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதைச் சரிசெய்தால் யார் முறை என்ற கேள்வி வரும். ஆகவே இருவரும் மூச்சு விடவில்லை.

போன் அலறியது.

மூத்தவன் பாய்ந்து எடுத்தான்.

"சார்... கிளி பேசறேன்."

துப்புத் துலக்குகிற ஒவ்வொரு போலீஸ்காரனுக்கும் ஒரு உளவாளி இருப்பான். அவன் பெயரை அதிகாரியிடம் சொல்லமாட்டான். சகலையிடம் சொல்வானா? மூத்தவனின் கிளி, போலீஸ் வண்டிகளைப் பழுது பார்க்கிற ஒர்க் ஷாப் மெக்கானிக். எப்போதும் கையில் கிரீஸ், வாயில் சேதி.

"சொல்லு."

"கையுறை இன்னைக்கு மத்தியானம் வர்றான் சார்."

மூத்தவனின் முதுகுத்தண்டு நிமிர்ந்தது.

கையுறை! போன வாரம் பட்டப்பகலில் ஒரு வைர வியாபாரியின் கதவைத் தட்டி, 'போலீஸ், கதவைத் திற' என்று சொன்னவன். நம்பித் திறந்த காவலாளி நெற்றியில் குண்டோடு விழுந்தான். வைரங்கள் போயின. ரேகை இல்லை. முகம் பார்த்தவர் இல்லை. பேப்பர்காரர்கள் வைத்த பெயர்தான் கையுறை. அன்று முதல் நகரத்தை விட்டுப் போகும் சாலைகளில் எல்லாம் செக்போஸ்ட். டயரைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் வண்டியை விட்டார்கள். கல் இன்னும் ஊருக்குள்தான்.

கமிஷனர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சிறப்புப் படைக்குத் தலைவர் வேண்டும். நாற்காலி ஒன்றுதான். கையுறையைக் கொண்டுவருகிறவன் உட்காரலாம்.

"எங்க?" என்றான் மூத்தவன், குரலை இறக்கி.

மூடிக்கிடக்கும் சிமெண்ட் கிடங்கு என்றான் கிளி. சாம்பல் நிறக் காரில் வருவானாம். மப்டியில் வாருங்கள், போலீஸ் ஜீப் வேண்டாம், அதை ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு என்னிடம் இருக்கும் பழுப்பு நிறக் காரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். வாக்கி டாக்கியில் யாருக்கும் சொல்ல வேண்டாம், அவன் போலீஸ் அலைவரிசையைக் கேட்கிறான் என்றான்.

"இன்னொண்ணு சார். அவனைப் பாத்தா, 'போலீஸ்'னு கத்திட்டுத்தான் சுடுவான். அந்தக் காவலாளி மாதிரி ஏமாந்துடாதீங்க."

"நான் ஏமாறுவனாடா?"

போனை வைத்தான். எதிர் மேஜையில் இளையவன் ஃபைலைப் புரட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான்.

"யாரு சகல போன்ல?"

"வீட்ல இருந்து. ஜீப்ல பிரேக் சரியில்ல. ஒர்க் ஷாப்ல விடப்போறேன். உனக்கு இன்னைக்கு வேணுமா?"

"எனக்கெதுக்கு? நான் உங்களை மாதிரி பிஸியா என்ன?"

மூத்தவன் கதவைத் தாண்டியபோது பின்னால் இன்னொரு போன் ஒலித்தது. திரும்பிப் பார்த்தான். இளையவன் சுவர் பக்கம் திரும்பி, ரிசீவரைக் கையால் மூடி, ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தான்.

என்னவோ வாங்குகிறான் படவா... என்ன சரக்கு?

நின்று விசாரிக்க நேரமில்லை.

சிமெண்ட் கிடங்கு.

தகரக் கூரை. உடைந்த மூட்டைகள். காலை வைத்தால் புகையாய் எழும்பியது சாம்பல் தூசு. மூத்தவன் மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டான். ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

கிர்ர்ர்...

வெளியே ஒரு கார் வந்து நின்றது.

சாம்பல் நிறம்!

மூத்தவனின் இதயம் டம் டம்மென்று அடித்தது. பயத்தில் இல்லை. நாளைக் காலைப் பேப்பர் இப்போதே கண்ணில் தெரிந்தது. அக்காக்காரி அதைத் தங்கைக்காரிக்குப் படித்துக் காட்டுகிற அழகும் தெரிந்தது.

ஓர் உருவம் உள்ளே நுழைந்தது. தலையில் தொப்பி. முகத்தில் கைக்குட்டை. கையில் துப்பாக்கி.

மூத்தவன் தூணிலிருந்து வெளிப்பட்டான்.

"போலீஸ்! துப்பாக்கியைக் கீழ போடு!"

அந்த உருவம் அசையாமல் நின்றது. பிறகு அதுவும் கத்தியது.

"போலீஸ்! நீ போடுடா கீழ!"

தகரக் கூரை அந்தக் குரலை வாங்கி, உருட்டி, எட்டுக் குரலாக்கித் திருப்பிக் கொடுத்தது.

அவன் போலீஸ் என்று சொன்ன பிறகு மூத்தவனுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இவன்தான் கையுறை!

டுமீல்!

டுமீல்!

இரண்டு மூட்டைகள் வெடித்தன. கிடங்கு முழுக்கச் சாம்பல் மேகம். மூத்தவன் உருண்டான். எழுந்தான். மேகத்துக்குள் யாரோ வாசலை நோக்கி ஓடும் சத்தம். விட்டால் போச்சு! இவனும் பின்வாசல் வழியாகத் தன் காருக்கு ஓடினான்.

பழுப்பும் சாம்பலும் ஒரே நேரத்தில் சாலையில் குதித்தன.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றிக் கடைத்தெருவில் இன்றுவரை இரண்டு கட்சி. பழுப்புக் கார் சாம்பலைத் துரத்தியது என்கிறது ஒரு கட்சி. இல்லை, சாம்பல்தான் பழுப்பைத் துரத்தியது என்கிறது இன்னொன்று. காய்கறித் தள்ளுவண்டி ஒன்று பல்டி அடித்தது. கண்ணாடி ஏற்றி வந்த லாரி டிரைவர் இரண்டு கார்களிடமும் தப்பி, தானே ஒரு மரத்தில் மோதி, கண்ணாடி அத்தனையையும் இறக்கி வைத்தார். மணிக்கூண்டு ரவுண்டானாவில் இரண்டும் சுற்றோ சுற்று என்று சுற்றின. யார் முன்னால், யார் பின்னால் என்று கார்களுக்கே தெரியவில்லை!

பொதுமக்கள் போன் மேல் போன் போட்டார்கள். ஊரிலிருந்த ரோந்து வண்டி எல்லாம் கடைத்தெருவுக்குப் பறந்தது.

கால்வாய்ப் பாலத்தில் இரண்டு கார்களும் உரசின. பழுப்பு கைப்பிடிச் சுவரில் போய் முட்டியது. சாம்பல் அரைச் சுற்று சுற்றி, கிறீச்சிட்டு, எதிர்ப்பக்கமாகப் பார்த்தபடி நின்றது.

மூத்தவன் இறங்கி, காரின் பின்பக்கம் குனிந்து நகர்ந்தான். எதிரி சாம்பல் காரின் முன்சக்கரத்தருகே மண்டியிட்டிருந்தான். தப்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். தோள், கழுத்து, துப்பாக்கி பிடித்த கை... எல்லாம் மூத்தவனின் குறிக்குள் அழகாக வந்து உட்கார்ந்தன.

சுட வேண்டியதுதான்.

அப்போதுதான் அதைப் பார்த்தான்.

அந்த மணிக்கட்டில் ஒரு கடிகாரம். தேன் நிறத் தோல் பட்டை.

உலகத்தில் எத்தனையோ தோல் பட்டைகள் இருக்கலாம். ஆனால் ஒரு வருடமாகப் பொறாமையோடு பார்த்த பட்டையை ஒருவன் மறப்பானா? மூன்றாவது ஓட்டையருகே ஒரு வெடிப்பு. தெரியும்!

சகலை.

விரல் விசையிலிருந்து உடனே விலகியிருக்க வேண்டும்.

விலகவில்லை.

கூச்சப்படாமல் சொல்லிவிடுவோம்... அரை நொடி அது அங்கேயே இருந்தது. அந்த அரை நொடியில் பதக்கம் வந்தது. பேப்பர் படம் வந்தது. காலியான நாற்காலி வந்தது. முகத்தில் கைக்குட்டை, கையில் துப்பாக்கி, சாம்பல் நிறக் கார். கையுறை என்று நினைத்தேன் என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? இவ்வளவு மலிவாக ஒரு சரக்கு இனி எந்தச் சந்தையிலும் கிடைக்காது.

பிறகு தங்கைக்காரி வந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தாளே, அந்தப் பார்வையோடு. அது யாரைப் பார்க்கும் இனிமேல்?

மூத்தவன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். கைக்குட்டையைப் பிடித்து இழுத்தபடி எழுந்து நின்றான்.

"சகல..."

இளையவன் திரும்பினான். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து நின்ற உருவத்தைத்தான் பார்த்தான்.

டுமீல்!

மூத்தவனின் இடது தோளில் நெருப்பு பாய்ந்தது. பாலத்தில் மல்லாந்து விழுந்தான். மேலே ஒரு முகம் குனிந்தது. சிமெண்ட் அப்பிய புருவம். அதற்குக் கீழே விரிந்த கண்கள்.

"ஐயோ... சகல! நீங்களா?"

"இல்ல. நம்ம மாமனார். எவன்டா உன்னை இங்க வரச்சொன்னது?"

இளையவன் தன் கைக்குட்டையை அவிழ்த்துத் தோளில் அழுத்தினான். தன் உளவாளி ஒருவன் போன் செய்ததைச் சொன்னான். ஆந்தை என்று பெயராம். கையுறை பழுப்பு நிறக் காரில் வருவான், போலீஸ் என்று கத்துவான், ஏமாறாதே என்றானாம். சாம்பல் நிறக் காரைப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாவியோடு நிறுத்தியிருந்தானாம்.

மூத்தவனுக்கு வலி ஒரு கணம் மறந்துபோயிற்று. தனக்கு வந்த போனைச் சொன்னான்.

"யாரு உங்க கிளி?"

"முதல்ல உன் ஆந்தை யாரு?"

"நான் ஏன் சொல்லணும்? நாலு வருஷமா வளத்து வெச்சிருக்கேன்."

"டேய், ரத்தம் போயிட்டிருக்கு."

"அப்ப சீக்கிரம் சொல்லுங்க."

கடைசியில் பேரம் படிந்தது. மூன்று எண்ணி, இருவரும் ஒரே நேரத்தில் சொல்வது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"மெக்கானிக்!"

"மெக்கானிக்!"

இருவரும் திரும்பி, அவன் கொடுத்த இரண்டு கார்களையும் பார்த்தார்கள்.

"எப்பவும் கையில கிரீஸ்..." என்றான் இளையவன் மெதுவாக. "இல்லன்னா கையுறை."

"நம்மளை ஏன்டா மோதவிட்டான்?"

கேட்ட மறுநொடியே மூத்தவனுக்கு விடையும் கிடைத்துவிட்டது. ஊரைவிட்டுப் போகும் எல்லா வண்டியையும் செக்போஸ்ட்டில் சோதிக்கிறார்கள். சோதிக்காத வண்டி ஒன்றே ஒன்றுதான்.

"சகல... ஜீப்பை எங்க விட்டேன்னு நினைக்கற?"

இளையவன் இடுப்பிலிருந்து வாக்கி டாக்கியைப் பிடுங்கினான். வடக்கு செக்போஸ்ட் ஏட்டு உற்சாகமாகப் பேசினார். உங்க ஜீப் இப்பத்தான் தாண்டிச்சு சார், யூனிஃபார்ம் சட்டை தெரிஞ்சது, சல்யூட் வெச்சோம், தொப்பியைக்கூடத் தொட்டாரு என்றார்.

"யூனிஃபார்மா?"

"பின் சீட்ல என் மாத்துச் சட்டையும் தொப்பியும் இருந்துச்சு" என்றான் மூத்தவன். முனகலோடு கண்ணை மூடினான். "போச்சு. கல்லும் போச்சு, காவலாளியைக் கொன்னவனும் போயிட்டான். ஊர்ச் சிரிப்பு நமக்கு. செக்போஸ்ட் தாண்டினா மலைப்பாதை. இனி எங்க போய்ப் பிடிக்கறது?"

இளையவன் எதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"சகல... ஒர்க் ஷாப்ல விடறப்போ பெட்ரோல் போட்டீங்களா?"

"நான் ஏன் போடணும்? உன் முறை."

"என் முறையா? செவ்வாய்க்கிழமை யாரு..."

இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு மிச்சம் விட்டீங்க?"

"உனக்குப் பிரயோஜனப்படற அளவுக்கு விடுவேனா? மேட்டுல பாதி ஏறினா பெரிசு."

"முள்ளு?"

"பாதியிலதான் நிக்கும். அவனுக்கு எப்படித் தெரியும்?"

கல்யாணமான நாளிலிருந்து சகலைகள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்!

சகலைகள் சாம்பல் காரில் மலைப்பாதைக்குப் பறந்தார்கள். மேட்டின் இரண்டாவது வளைவில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. சாலையில் வேறு வண்டி இல்லை.

மெக்கானிக் பின்பக்கம் குனிந்து, ஒரு ஸ்பேனரால் பெட்ரோல் கேனின் பூட்டை அடித்துக்கொண்டிருந்தான். வியர்வை சொட்டியது. ஒரு பூட்டு பாதி நெளிந்திருந்தது. இன்னொன்று அசையவில்லை. மூத்தவன் அதைக் கவனித்தான். அசையாதது இளையவனின் பூட்டு. அதிலும் அவன்தான் ஒசத்தி!

சாம்பல் காரைப் பார்த்ததும் மெக்கானிக் நிமிர்ந்தான். ஸ்பேனர் விழுந்தது. துப்பாக்கி வந்தது. பழக்க தோஷம், வாயும் திறந்தது.

"போலீஸ்! கிட்ட வராதீங்க!"

டுமீல்! முன் கண்ணாடி நொறுங்கியது.

இளையவன் குனிந்தானே தவிர, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. கார் அப்படியே போய் ஜீப்பை முட்டியது. ஜீப் உதறியது. மெக்கானிக் பக்கவாட்டில் தாவி, சாலையில் குப்புற விழுந்தான். துப்பாக்கி உருண்டு பள்ளத்துக்குப் போயிற்று. எழுவதற்குள் முதுகில் ஒரு முழங்கால் ஏறியது. வலது கையில் ஒரு விலங்கு க்ளிக்கென்றது. இடது கையில் இன்னொரு விலங்கு க்ளிக்கென்றது.

ஆளுக்கொரு விலங்கு. ஒற்றைக் கையால் மாட்டினாலும் மூத்தவன் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜீப்பின் ஸ்பேர் டயரைக் கிழித்தார்கள். வைரங்கள் கொட்டின.

"ரெண்டு பேரும் செத்திருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றான் மெக்கானிக், சாலையில் கன்னத்தை வைத்தபடி. "நாலு வருஷமா பாக்கறேன். ஒருத்தனைப் பத்தி இன்னொருத்தன் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. கணக்கு எங்க தப்பாச்சு?"

"பெட்ரோல்ல" என்றான் இளையவன்.

ஆஸ்பத்திரி.

அதே வார்டு. பக்கத்துக் கட்டில். மூத்தவனின் தோளில் பெரிய கட்டு.

கமிஷனர் வந்து போனார். யார் முதலில் விலங்கு மாட்டியது என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். நாற்காலி விஷயத்தை யோசித்துச் சொல்கிறேன் என்று நெற்றியைத் தேய்த்தபடி கிளம்பிவிட்டார்.

பிறகு அக்காவும் தங்கையும் உள்ளே வந்தார்கள்.

அக்காக்காரி கட்டிலருகே நின்றாள். கட்டைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"யாருங்க சுட்டது?"

இளையவனின் முகம் வெளுத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கையுறைதான்" என்றான் மூத்தவன். "வேற யாரு?"

அப்போது வந்தது அந்தப் பார்வை.

கண் கொஞ்சம் கலங்கி, உதடு கொஞ்சம் துடித்து, இந்த ஆளா என் புருஷன் என்று புதிதாகக் கண்டுபிடித்தாற்போல... முழுசாக, கலப்படமில்லாமல்! பக்கத்தில் தங்கைக்காரி அதைக் கவனித்துக்கொண்டு நின்றாள். மூத்தவனுக்குத் தோள் வலி எங்கோ போயிற்று. ஒரு வருடம் ஏங்கிய சரக்கு வீடு வந்து சேர்ந்துவிட்டது.

பெண்கள் டீ வாங்கப் போனார்கள். இளையவன் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டான்.

"காட்டிக்குடுக்கலையே சகல. தேங்க்ஸ்."

"பரவால்ல. என் பெருந்தன்மைன்னு வெச்சுக்க. இனிமே தோளில குண்டு வாங்கினவன் நீ ஒருத்தன்தான்னு அலட்டிக்க முடியாது."

இளையவன் தலையைச் சொறிந்தான்.

"அதுல ஒரு விஷயம்... போன வருஷம் மாடிப்படியில எனக்கு முன்னால கும்பல். பின்னால யாரு?"

"நான்."

"குண்டு எனக்குப் பின்தோளில பாய்ஞ்சுது."

மூத்தவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"டாக்டர் எடுத்துக் குடுத்தப்போ கையில வாங்கிப் பாத்தேன். நம்ம போலீஸ் ஸ்டோர்ல குடுக்கற தோட்டா சகல. சொன்னா உங்க வேலை போயிரும். அதைவிட முக்கியம், என் பதக்கம் போயிரும். அதான் வாயைத் திறக்கல."

மூத்தவன் மறுபடி தலையணையில் சாய்ந்தான். ஒரு வருடம்! ஒரு வருடமாக வயிறெரிந்தானே... அது அவனே தன் கையால் கொடுத்த குண்டு!

வாசலில் வளையல் சத்தம் கேட்டது. இருவரும் அவசரமாக முகத்தை வீரமாக்கிக்கொண்டார்கள்.

ஆக, சகலைகளின் கணக்கு இது. தோட்டா, கொடுத்தது ஒன்று, வாங்கியது ஒன்று. பொய், ஆளுக்கு ஒன்று. விலங்கு, ஆளுக்கு ஒன்று. பெண்டாட்டியின் பார்வை, ஆளுக்கு ஒன்று. எல்லாம் நேராகிவிட்டது.

ஜீப் மட்டும் இன்னும் மேட்டு வளைவிலேயே நிற்கிறது... பெட்ரோல் யார் முறை என்பது பாக்கி!